கஞ்சி கொட்டியும் சுடாத கை

தோல் பொலிவுக்கென்று விற்கும் கொலாஜன் பொடியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்பது கேள்விகளை வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எண் போடாமல், தாளின் ஓரத்தில் இடுக்கி எழுதிய வரி ஒன்றும் இருக்கிறது. "போன மாதம் சோறு வடிக்கும்போது இடது முழங்கைக்குக் கீழே கஞ்சி கொட்டிவிட்டது. கொப்புளம் வந்திருப்பதை மகள் சொல்லித்தான் பார்த்தேன். அந்த வெளுத்த இடத்தில்தான்." முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பொடி எங்கும் ஓடிப்போகாது.

அந்த வெளுத்த இடம் ஒன்றரை வருடமாக இருக்கிறது, எட்டணாக் காசு அளவில் தொடங்கி இப்போது உள்ளங்கையில் பாதி ஆகியிருக்கிறது, அரிப்பும் இல்லை வலியும் இல்லை என்று நான்காவது கேள்வியில் சொல்கிறீர்கள். அது மறைந்து தோல் ஒரே நிறமாக வேண்டும் என்பதற்காகத்தான், சித்தூரில் அழகு நிலையம் நடத்தும் பெண்மணி கொடுத்த பொடியை மாதம் 2,200 ரூபாய் கொடுத்து நான்கு மாதமாகக் குடிக்கிறீர்கள். அரிப்பில்லை, வலியில்லை என்று நீங்கள் ஆறுதலாக எழுதியதைப் படித்துத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரிக்கிற தோல் நோய் ஆளைத் தூங்கவிடாமல் மருத்துவரிடம் துரத்திவிடும். சத்தமில்லாமல் படர்வதைத்தான் வருடக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

உணர்ச்சியற்ற வெளிர் படையைக் கண்டால், வேறொன்று என்று உறுதியாகும்வரை தொழுநோய் என்றே கருதிப் பரிசோதிக்க வேண்டும். மாணவப் பருவத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இது. அந்தச் சொல்லை நீங்கள் எங்குமே எழுதவில்லை. ஆனால் மகளுக்கு வரன் பார்ப்பதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், தை மாதம் முடிப்பதாக இருக்கிறது என்கிறீர்கள். கொலாஜனுக்கும் வரனுக்கும் என்ன சம்பந்தம்? பேரணாம்பட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சொல் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

கையைப் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்கிறவன் அல்ல நான். வேறு காரணமாகவும் இருக்கலாம். தேமல் என்றால் சுரண்டினால் தவிடு போல உதிரும், வியர்த்தால் நமைக்கும். வெண்புள்ளி பால் போல வெளுக்கும். அதை ஊரில் வெண்குஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்; பெயரைத் தவிர அதற்கும் தொழுநோய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த இரண்டிலும் உணர்ச்சி போகாது. கஞ்சி கொட்டினால் அலறியிருப்பீர்கள்.

மகளிடம் ஒரு துண்டுப் பஞ்சைக் கொடுங்கள். நுனியைத் திரித்து மெல்லிய திரி போலாக்கிக்கொள்ளட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, அவர் தொடும் இடத்தை எல்லாம் மற்றக் கையின் விரலால் சுட்டிக்காட்டுங்கள். நல்ல தோலில் நான்கைந்து முறை, படையின் நடுவில் நான்கைந்து முறை, மாற்றி மாற்றித் தொடட்டும். படையில் தொட்டதெல்லாம் தவறிப்போனால் விஷயம் புரிந்துவிடும். எல்லாம் சரியாக வந்துவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் சூடு அறியும் உணர்வு முதலில் போய், தொடு உணர்வு பிறகு போவதும் உண்டு. ஊசியாலும் தீக்குச்சியாலும் சோதித்துப் பார்க்க வேண்டாம். செய்துவிட்டுப் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூ கட்டும்போது இடது கையில் நார் நழுவுகிறதா? சுண்டுவிரல் மரத்துப்போகிறதா? முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு, எங்காவது இடித்துக்கொண்டால் சுரீர் என்று மின்சாரம் பாயுமே, அதுதான் இந்த நோய் விரும்பித் தாக்கும் நரம்புகளில் ஒன்று. அது தடித்திருக்கிறதா என்று மருத்துவர் விரலால் உருட்டிப் பார்ப்பார். அரை நிமிட வேலை. எந்த ஸ்கேனும் வேண்டாம்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது லாரி ஓட்டுநர் ஒருவர் விரலில் ஆறாத புண் என்று வந்தார். பேசிக்கொண்டே வெளியே போய் பீடி பற்றவைத்தார். பீடி கரைந்து கரைந்து விரலிடுக்குக்கு வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு யாரிடமோ டீசல் விலையைப் பேசிக்கொண்டிருந்தார். தோல் பொசுங்கும் வாடை எனக்கு வந்தது, அவருக்குத் தெரியவில்லை. தொழுநோயில் விரல் அழுகி விழுந்துவிடும் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. உணர்ச்சி போன விரலைச் சூடும் காயமும் கிருமியும் சிறுகச் சிறுகத் தின்றுவிடுகின்றன என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1946 இல் வேலூருக்கு வந்தவர். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். காட்பாடி பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955 இலிருந்து இருக்கிறது. இந்த நோய்க்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்றுக்கொண்டு போன மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் அழகு நிலையத்தில் மருந்து கேட்டிருக்கிறீர்கள். கோபப்படாமல் என்ன செய்ய?

சரி, ஒருவேளை அதுவாகவே இருந்தால் என்ன? கூட்டு மருந்து சிகிச்சை என்று, ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகிய மருந்துகள் அடங்கிய மாத்திரை அட்டை கொடுப்பார்கள். படைகளின் எண்ணிக்கையையும் நரம்பின் நிலையையும் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. தட்டு, தம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். பெரும்பாலானவர்களின் உடம்புக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் திறன் இயற்கையாகவே உண்டு. பரம்பரை நோயும் அல்ல. வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை பரிசோதிப்பார்கள். தகுதியுள்ளவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பதும் உண்டு. அவ்வளவுதான் உங்கள் மகளுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. இது விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருந்ததைக்கூட 2019 இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இன்னும் நீக்காமல் வைத்திருப்பது சம்பந்தி வீடுகள்தான்.

உள்ளூரில் காட்டினால் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தால் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், கரிகிரிக்குப் போங்கள். இல்லை, பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி ஆந்திரத்து வி.கோட்டாவில்தான் காட்டுவேன் என்றாலும் சரி. அங்கிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும் ஆள் தெரியாத இடம் தேடி வருகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. மாநிலம் மாறினாலும் மாத்திரை ஒன்றுதான், இலவசமும் ஒன்றுதான். போவதுதான் முக்கியம்.

இனி பொடி. உங்கள் கணவர் தோல் தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொலாஜன் என்றால் என்னவென்று அவரைக் கேட்டிருந்தாலே போதும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிரை நீக்கி, உட்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும் சீவி எறிந்த பிறகு, வெள்ளையாக, தடியாக, நார்நாராக மிஞ்சுகிறதே, அதுதான் கொலாஜன். அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் செய்வதுதான் பதனிடுதல். பதனிடாமல் தண்ணீரில் கொதிக்கவிட்டால் பசையாகக் கரையும். தச்சர்கள் வச்சிரம் காய்ச்சியது அப்படித்தான். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கட்டிக்கொள்வதும் அதனால்தான். அந்தப் பசையை நொதிகளால் இன்னும் பொடிப்பொடியாக வெட்டி, காயவைத்து, ஆரஞ்சு வாசனை சேர்த்து டப்பாவில் அடைத்தால் நீங்கள் குடிக்கும் பொடி. மாட்டுத்தோலுக்குப் பதில் மீன் தோலில் செய்தால் விலை கூடும்.

குடித்தது கன்னத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று கண்ணிகள் கொண்ட துணுக்குகளாகவும் வெட்டிவிடுகின்றன. அவை ரத்தத்தில் கலப்பது உண்மை. அவற்றை எங்கே எதற்குச் செலவழிப்பது என்பதை உடம்பு தீர்மானிக்கும், டப்பாவின் மேல் சிரிக்கிற நடிகை தீர்மானிப்பதில்லை. ஆட்டு மூளை தின்றால் புத்தி வளரும் என்ற அதே கணக்குதான் இதுவும். அதற்காக ஆய்வே இல்லை என்று அடித்துப் பேச மாட்டேன். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் குடித்தவர்களின் தோலில் ஈரப்பதமும் இழுவையும் கொஞ்சம் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் பல இருக்கின்றன. 2025 இல் அப்படிப்பட்ட 23 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரிந்தது. நிறுவனங்களின் பணம் வாங்காமல் நடந்த ஆய்வுகளைத் தனியே பிரித்தபோது பலன் காணாமல் போனது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கையில் இருக்கும் படைக்கோ இதனால் எந்த வகையிலும் பலன் இல்லை. நிறம் வேறு சரக்கு, கொலாஜன் வேறு சரக்கு.

சிறுநீரகம் கெட்டுவிடுமா என்ற பயம் வேண்டாம். நல்ல சிறுநீரகத்துக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி பெரிய சுமை இல்லை. நிறுத்தினால் முகம் தொங்கிவிடும் என்பது விற்கிறவர்களின் வசனம். புரட்டாசியில் குடிக்கச் "சைவ கொலாஜன்" நல்லதா என்றால், செடிகொடியில் கொலாஜனே கிடையாது. அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் வைட்டமின் சி-யும் விதைச் சாறும். கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும் என்பது மெய்தான், அதற்கு ஒரு நெல்லிக்காய் போதும். மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்த படை என்று காணொளியில் யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடமாக மீனை விட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே குழம்பு வையுங்கள்.

46 வயதில், மாதவிலக்கு நிற்கும் சமயத்தில், தோலில் கொலாஜன் வேகமாகக் குறைவது இயல்பு. மாடியில் வற்றல் காயப்போடும்போதும் ஸ்கூட்டரில் போகும்போதும் படுகிற வெயில் அதை இன்னும் அரிக்கிறது. குடை பிடியுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், முடிந்தால் முகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசுங்கள். முகத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

பொடியில் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயப்படலாம், அதை நீங்கள் கேட்கவில்லை. டப்பாவில் பயோட்டின் என்ற வைட்டமின் சேர்த்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அதிக அளவில் இருந்தால் தைராய்டு பரிசோதனையின் முடிவையே திரித்துக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையைக்கூடத் தவறாகக் காட்டிவிடும். இன்னும் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுக்கும் இடத்தில் அதைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இன்றோடு நிறுத்திவிட்டு, அந்த 2,200 ரூபாய்க்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கள். கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. புரதம் என்ற வகையில் முட்டைக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாத சரக்கு அது.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது களிம்பு. மருந்துக் கடையில் கையைக் காட்டி வாங்கி, எட்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை தடவி வந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பெயர் வீரியமான ஸ்டீராய்டு கலந்தது. அது படையின் தோற்றத்தை மங்கச் செய்து, பார்க்கும் மருத்துவரையே குழப்பும். நாள்பட்டால் தோலை மெலியவைக்கும், அதாவது தோலில் இருக்கிற கொலாஜனையே குறைக்கும். வாயால் குடித்ததைக் கையால் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் காசு கொடுத்து. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், பஞ்சால் தொட்டுப் பார்த்தாரா?

சிகிச்சை தொடங்கினால் யாராவது சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ரிஃபாம்பிசின் விழுங்கும் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். நிறத்துக்காகப் பொடி குடித்தவருக்கு இது கசக்கும் என்று தெரியும். மருந்து முடிந்த பிறகு மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், பழைய நிறம் திரும்பும். கறுக்கிறதே என்று பாதியில் நிறுத்தினால் கெட்டது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்ச் சொல்லுங்கள், டாப்சோன் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. படை திடீரென்று சிவந்து வீங்கினாலோ, விரலிலோ பாதத்திலோ பலம் குறைந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அப்போது நரம்பைக் காப்பாற்ற நாள் கணக்குதான் இருக்கிறது.

அதுவரை சோற்றுப்பானையை வெறும் கையால் தொடாதீர்கள், கரித்துணி தடிமனாக இருக்கட்டும், வடிக்கும் வேலையை மகளிடம் விட்டாலும் நல்லது. இரவு படுக்கப்போகும் முன் விளக்கடியில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவது சனிக்கிழமையாக இருக்கும். திங்கட்கிழமை காலையே புறப்படுங்கள். பொடி டப்பாவையும் களிம்புக் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். என்னென்ன போட்டீர்கள் என்று கேட்பார்கள், மறைக்க வேண்டாம்.