அரியணைக்கு அடிச்சுக்காத கொரிய இளவரசர் யாராவது இருக்காங்களா?

கொரியன் சீரியல் நிறைய பார்ப்பீங்க போல, அதான் எல்லா இளவரசனும் அண்ணன் தம்பிக்குள்ள சதி பண்ணியே செத்தாங்களான்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க. உய்ச்சொன்னு ஒருத்தர், அந்தக் காலத்துல கொரியாவுல இருந்த கொரியோ நாட்டு ராஜா முன்ஜோங்கோட நாலாவது மகன், 1055ல பிறந்தவர். அவரோட அண்ணன்கள் மூணு பேரும் ராஜாவானாங்க, இவர் மட்டும் சின்னப் பையனா இருக்கும்போதே பௌத்தத் துறவியாயிட்டார். துறவியை எப்படி இளவரசர் கணக்குல சேர்க்கலாம்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, ராஜா வீட்டுப் பிள்ளைங்கறதாலதான் அவரை வெளிநாடு போகவே விடல.

சீனாவுக்குப் போய்ப் படிக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தார், ராஜா மகனே போய் சோங் நாட்டோட (அப்ப சீனாவை ஆண்ட அரசு) ஒட்டினா, வடக்குல பலமா இருந்த லியாவ் நாட்டுக்காரன் கோபப்படுவான்னு அரண்மனையில மறுத்துட்டாங்க. 1085ல ரகசியமா வணிகக் கப்பல் ஏறிப் போயிட்டார். அங்க ஹாங்சோங்கற ஊர்ல ஜிங்யுவான்ங்கற குருகிட்ட படிச்சு, அடுத்த வருஷம் 3,000 சுவடிக்கு மேல கொண்டு திரும்பினார். சூத்திரங்களை, அதாவது பௌத்த மூல நூல்களைச் சேர்க்க நிறைய பேர் இருந்தாங்க, இவர் தேடித் தேடிச் சேர்த்தது உரைகளை. சோங், லியாவ், ஜப்பான்னு எல்லா இடத்துலேர்ந்தும் வரவழைச்சு, 1090ல ஆயிரத்துக்கு மேல நூல்களுக்குப் பட்டியல் போட்டு, மரப்பலகையில செதுக்கி அச்சடிக்கவும் ஏற்பாடு பண்ணினார். அந்த அச்சுல இன்னைக்கு மிஞ்சியிருக்கறது கொஞ்சந்தான், பட்டியல் முழுசா இருக்கு, அதை வச்சுதான் என்னென்ன உரை இருந்துச்சுன்னே ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தெரியுது.

இந்த மனுஷன் மேல எனக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணம் இருக்கு. நான் ஒரு நூலகத்துல பட்டியல் போடற வேலையில ரொம்ப வருஷம் இருந்தவ. ஒரு தமிழ் வாத்தியார் இறந்தப்புறம் அவர் வீட்டுப் புத்தகமெல்லாம் எங்களுக்கு வந்துச்சு, பாதிக்கு மேல பழைய உரைப் பதிப்புகள். மேலதிகாரி பார்த்துட்டு மூலம்தான் நம்மகிட்ட இருக்கே, உரையெல்லாம் எடைக்குப் போடுங்கன்னுட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நடக்கல. ஆள் வர்றதுக்குள்ள ராத்திரி வரைக்கும் உக்காந்து தலைப்பு, உரைகாரர், பதிப்பு வருஷம், ஓரத்துல வாத்தியார் பென்சில்ல குறிச்சிருக்காரா இல்லையான்னு ஒவ்வொண்ணா எழுதி வச்சேன். அப்புறம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து அந்த நோட்டைப் பார்த்துதான், தனக்கு வேணுங்கற உரைக்கு இன்னொரு பதிப்பு உண்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு வேற ஊர்ல தேடிப் பிடிச்சா. பட்டியல் போடறது கிளார்க் வேலைன்னு இளக்காரமா பேசறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஒரு ராஜகுமாரன் ஆயுசைக் கொடுத்துச் செஞ்ச வேலைங்க இது.

1101ல அவர் காலமானப்ப அவருக்கு ஐம்பது வயசுகூட ஆகல. அண்ணன் சுக்ஜோங் ராஜாவா இருந்தப்ப நாணயம் அடிக்கணும்னு வற்புறுத்தினதும் இவர்தான், அது தனிக் கதை.

எங்க நூலகத்துல இப்ப அந்த போஸ்ட்டே இல்ல, காண்ட்ராக்ட்ல வர்ற பசங்க உரையாசிரியர் பேரையும் பதிப்பாசிரியர் பேரையும் ஒரே கட்டத்துல அடிச்சு வைக்கறாங்க, பசங்களைக் குத்தம் சொல்லல, அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளைப் போடுங்கன்னு எழுதிக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரல.