72 மி.மீ. கண்களுக்கு எந்த ஹெட்செட்?

வாசகர் கேள்விகளுக்கு, பெங்களூரு அல்சூரில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் கண் பரிசோதகர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இன்னும் கட்டாத வீட்டை கண்ணில் மாட்டிப் பார்க்கும் விஆர் ஹெட்செட்டில் வாடிக்கையாளருக்குச் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பு. அலுவலக ஹெட்செட்டை மாட்டிய சற்று நேரத்திலேயே கண் இழுக்கிறது, எழுத்து மங்குகிறது. கூட வேலை செய்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கண்ணாடிக் கடையில் என் பி.டி. 72 என்றார்கள். “உனக்கு முகமே அகலம், விட்டுடு” என்கிறார்கள் நண்பர்கள். சொந்தமாக ஒன்று வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: விட வேண்டாம், தம்பி. ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை உள்ள தூரத்தைத்தான் நாங்கள் பி.டி. என்கிறோம். ஹெட்செட் விற்பவர்கள் ஐ.பி.டி. என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. பெரும்பாலானவர்கள் 54க்கும் 74க்கும் இடையில் வந்துவிடுவார்கள். 72 என்பது அந்த வரிசையின் ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நெட்டையான ஒருவருக்கு பி.எம்.டி.சி. பஸ்ஸில் தலை இடித்தால் அவர் உயரத்தையா குறை சொல்வோம்?

ஹெட்செட்டுக்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு லென்ஸ். அந்த லென்ஸின் நடுவில் உங்கள் கண்மணி நிற்க வேண்டும். இரண்டு லென்ஸுக்கும் இடையே 64 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 72. அப்படியானால் உங்கள் இரண்டு கண்ணும் லென்ஸின் நடுவை விட்டுத் தலா 4 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி நிற்கின்றன. அங்கே எழுத்து கலங்கும், ஓரங்களில் வண்ணம் பிரியும், தலையைத் திருப்பினால் சுவர் லேசாக நெளியும். இரண்டு கண்ணும் சேர்ந்து அதைச் சமாளிக்கப் பார்க்கும். அந்த உழைப்புதான் உங்களுக்கு வலியாகத் தெரிகிறது. இன்னொன்று, உங்கள் தொழிலுக்கு முக்கியமானது: உங்கள் கண் தூரத்தைவிடக் குறைந்த தூரத்தில் வைத்துப் படம் உருவாக்கினால், அறை நிஜ அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். பத்துக்குப் பத்து அறையைப் பெரிய அறை என்று நினைத்து நீங்கள் வாடிக்கையாளரிடம் பேசினால், வீடு கட்டி முடிந்த பிறகு அவர் உங்களிடம்தான் வந்து கேட்பார்.

காரணம் இதுதானா என்று அலுவலகத்திலேயே சோதித்துவிடலாம். ஹெட்செட்டைப் போட்டு, நேர் எதிரே ஒரு வரி எழுத்தைக் கொண்டுவாருங்கள். ஹெட்செட்டைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வலக்கண்ணுக்கு எழுத்து தெளிந்து, இடக்கண்ணுக்கு இன்னும் மோசமானால் லென்ஸ்கள் உங்களுக்கு நெருக்கம் என்று பொருள். இடப்பக்கம் நகர்த்தும்போது இது தலைகீழாக நடக்க வேண்டும். கண்கள் நெருங்கி இருப்பவர்களுக்கு எதிராக நடக்கும்: வலப்பக்கம் தள்ளினால் இடக்கண் தெளியும். எப்படி நகர்த்தினாலும் ஒரே கண் மட்டும் மங்கலாகவே இருந்தால் பிரச்சினை தூரத்தில் இல்லை, அந்தக் கண்ணின் பவரில் இருக்கலாம். என் கடைக்கோ வேறு கடைக்கோ போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்குவதைப் பற்றி. “ஐ.பி.டி. மாற்றலாம்” என்று பெட்டியில் போட்டிருந்தால் உடனே ஒரு கேள்வி கேளுங்கள்: லென்ஸே நகருமா, அல்லது மென்பொருளில் எண் மட்டும் மாறுமா? எண் மாறினால் படத்தின் அளவு சரியாகலாம். லென்ஸின் நடு உங்கள் கண்ணுக்கு எதிரே வந்துவிடாது.

நகரும் லென்ஸிலும் எதுவரை நகர்கிறது என்பது மாடலுக்கு மாடல் வேறு. எச்.பி. ரிவெர்ப் ஜி2 68 மி.மீ. வரை போகும், வால்வ் இண்டெக்ஸ் 70 வரை. மெட்டா குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். 72க்கு இவை எதையும் நான் சொல்ல மாட்டேன். குவெஸ்ட் 2-ல் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கண்ணுக்கும் ஒரே திரை என்பதால், லென்ஸைக் கடைசி நிலைக்குத் தள்ளினால் வெளி ஓரத்தில் படம் கொஞ்சம் வெட்டுப்படும். அகலக் கண்காரர்களுக்கென்று இருக்கும் நிலையிலேயே இப்படி ஆவது எனக்கு வருத்தம்தான்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது குவெஸ்ட் 3. கீழே இருக்கும் சக்கரத்தைத் திருகினால் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுமார் 71 வரை போகும். 53 முதல் 75 வரையிலான கண்களுக்கு ஒத்துவரும் என்கிறது நிறுவனம். இதில் இருப்பது பான்கேக் லென்ஸ். வளையம் வளையமாக வெட்டிய பழைய ஃப்ரெனல் லென்ஸைவிடத் தெளிவான பகுதி இதில் விரிவானது. அதனால் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் உறுத்தாது. பீகோ 4 72 வரை போகும். குவெஸ்ட் ப்ரோ, ஆப்பிள் விஷன் ப்ரோ இரண்டும் 75 வரைக்கும். ஆப்பிளில் லென்ஸ் தானாகவே நகர்ந்து பொருந்திக்கொள்ளும். ஆனால் அதன் விலையை நினைத்தால் இந்த வேலைக்கு அது தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்பவரிடம் வாங்குவதானால், பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம், கண் அகலம் என்றால் பெரும்பாலும் நெற்றியும் கன்னப்பொட்டும் அகலமாகவே இருக்கும். ஹெட்செட்டின் பஞ்சு விளிம்பு இரு கன்னப்பொட்டிலும் அழுத்தினால், லென்ஸ் எவ்வளவு சரியாக நின்றாலும் தலை வலிக்கும். அகலமான மாற்று விளிம்புகள் தனியாக விற்கின்றன. பக்கப் பட்டையை இறுக்குவதற்கு முன் தலைக்கு மேல் போகும் பட்டையைச் சரிசெய்யுங்கள். குவெஸ்ட் 3 ஏறக்குறைய அரைக் கிலோ எடை. அந்த எடையைக் கன்னத்தில் விடாமல் தலையில் ஏற்ற வேண்டும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து, நிதானமாக, சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஹெட்செட் வாங்க அவன் கண் தூரம் வேண்டும். டாக்டர் சீட்டில் அது இல்லை. அவன் கண்ணாடிக் கம்பியின் உள்பக்கம் 54, 18, 145 என்று இருக்கிறது. 54-உம் 18-உம் சேர்த்தால் 72, அதுதான் என் அளவு என்கிறான். சரியா?
- வாசகி, ஜீவன்பீமா நகர்

பதில்: இல்லை அம்மா. அது ஃபிரேமின் அளவு. 54 ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கு மேல் வரும் இடைவெளி, 145 காதுக்குப் போகும் கம்பியின் நீளம். 63 பி.டி. உள்ளவரும் அதே ஃபிரேமைப் போடலாம். லென்ஸின் நடுவை உள்பக்கம் தள்ளி வெட்டிக் கொடுத்துவிடுவோம். டாக்டர் சீட்டில் பி.டி. பெரும்பாலும் இருக்காது. கண்ணாடி செய்த கடையின் ஆர்டர் சீட்டில் இருக்கும், உரிமையோடு கேளுங்கள். தூரப் பார்வைக்கான எண்ணைக் கேட்க வேண்டும். கிட்டப் படிக்கும்போது கண்கள் உள்ளே திரும்புவதால் அந்த எண் சில மில்லிமீட்டர் குறையும்.

வீட்டிலேயே அளக்க ஒரு மி.மீ. ஸ்கேலும் சுவர்க் கண்ணாடியும் போதும். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நேராக நின்று, ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் கண்ணாடியில் அதே இடக்கண்ணைப் பார்த்து, ஸ்கேலின் சுழியத்தை அங்கே நிறுத்த வேண்டும். தலையும் ஸ்கேலும் அசையாமல், இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் வலக்கண்ணைப் பார்த்து எண்ணைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணும் தன் பிம்பத்தையே நேராகப் பார்ப்பதால் கிடைப்பது தூரப் பார்வை அளவுதான். நம் ஊர்க் கண்களில் கருவிழி அடர் நிறம், நடுவில் இருக்கும் கண்மணி பிரிந்து தெரியாது. அதனால் நடுவைத் தேடவேண்டாம். இடது கருவிழியின் இட ஓரத்தில் சுழியத்தை வைத்து, வலது கருவிழியின் இட ஓரத்தில் எண்ணைப் படிக்கட்டும். தூரம் அதேதான் வரும். சில முறை அளந்து, அடிக்கடி வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் வளரும் வயது என்றால் அந்த எண்ணும் வளரும். ஆகவே லென்ஸ் நகராத மாடல் வேண்டாம்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பழைய ஆக்குலஸ் ரிஃப்ட் எஸ் மலிவாகக் கிடைக்கிறது. என் பி.டி. 70. வாங்கலாமா?
- வாசகர், அல்சூர்

பதில்: வேண்டாம். அதில் லென்ஸ் நகராது, இடைவெளி 64-ஐ ஒட்டியே நிற்கும். ஆக்குலஸைத் தொடங்கிய பால்மர் லக்கியின் கண் தூரமே 70க்குச் சற்றுக் குறைவு. நிறுவனத்தை விட்டு விலகியிருந்த அவர், 2019-ல் ரிஃப்ட் எஸ் வந்தபோது அது தனக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே எழுதினார். பழையதுதான் வேண்டும் என்றால் 2016-ல் வந்த எச்.டி.சி. வைவ் தேடுங்கள், அதன் லென்ஸ்கள் 74 வரை விலகும். கணினியோடு கேபிளில் இணைக்க வேண்டும், ஹெட்செட் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய உதவும் இரண்டு பெட்டிகளையும் அறையில் மாட்ட வேண்டும். அந்தப் பெட்டிகள் கூட இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு அகல முகம், மைனஸ் 4 பவர். கண்ணாடியோடு ஹெட்செட் போட்டால் ஃபிரேம் மாட்டிக்கொள்கிறது. எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியவில்லை.
- வாசகி, கம்மனஹள்ளி

பதில்: அகல முகத்துக்குப் பொருந்தும் ஃபிரேம் ஹெட்செட்டின் உட்குழிவில் பெரும்பாலும் அடங்குவதில்லை. அடங்கினாலும் இரண்டு லென்ஸும் உரசிக் கீறல் விழலாம், அந்தக் கீறலைத் துடைத்து எடுக்க முடியாது. உங்கள் பவரில் செய்த உள் லென்ஸை ஹெட்செட் லென்ஸின் மேல் பொருத்திக்கொள்ளுங்கள். முக்கியமான மாடல்களுக்கெல்லாம் கிடைக்கிறது. சிதறல் பார்வையைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருந்தால் அதன் அச்சு எண்ணையும் மறக்காமல் கொடுங்கள். ஒன்று கவனியுங்கள்: உங்கள் பி.டி. ஹெட்செட்டின் எல்லையைவிட நாலைந்து மி.மீ. கூடுதல் என்றால், பவர் ஏற ஏற அந்த உள் லென்ஸே கண்ணைத் தப்பான பக்கம் இழுக்கும். ஓரிரு மி.மீ. என்றால் மைனஸ் 4-க்கு அது பொருட்டில்லை.

கேள்வி: மூக்கின் நடுவிலிருந்து இடக்கண் 34, வலக்கண் 37 என்று அளந்தார்கள். ஹெட்செட்டில் மொத்தம் 71 வைத்தும் வலக்கண் மங்கல்.
- வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பவர்கள் குறைவு. 71-ஐ மாற்றாதீர்கள். ஹெட்செட்டை முழுசாக ஒன்றரை மி.மீ. வலப்பக்கம் தள்ளுங்கள், இரண்டு லென்ஸும் கண்ணுக்கு நேரே வந்துவிடும். மறுபடி நழுவாமல் இருக்க, விளிம்புப் பஞ்சின் வலது உட்பக்கத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளலாம். அப்படியும் வலக்கண் தெளியவில்லையென்றால், அல்லது ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். சாமராஜ்பேட்டை மிண்டோ அரசு கண் மருத்துவமனையிலும் காட்டலாம். போகும்போது இந்த 34, 37 எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.