கையெழுத்துப் போட்டவர்களின் சிரிப்பு

வணக்கம் சார்,

போன ஞாயிற்றுக்கிழமை ‘ஜாக்கஸ் ப்ரெசென்ட்ஸ்: பேட் கிராண்ட்பா’ பார்த்தேன். தாத்தா வேஷம் போட்ட நடிகர், ஒளித்துவைத்த கேமராக்களுக்கு முன்னால் முன்பின் தெரியாத நிஜ மனிதர்களை ஏமாற்றும் படம். கல்லூரி நாட்களில் ‘ஜாக்கஸ்’ தொடரின் துண்டுகளை நண்பர்களோடு பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். அந்த நினைப்பில்தான் படத்தைப் போட்டேன். சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இறுதிச்சடங்கில் சவப்பெட்டி கவிழ்ந்து பிணம் தரையில் விழும் இடத்தில், கூடியிருந்தவர்களின் முகங்களைப் பார்த்ததும் கூசிப்போனேன். அவர்களுக்கு அது நிஜமான சாவு. கொஞ்ச நேரம் கூட இருந்து பார்த்த என் அப்பா, “பாவம்டா அந்த ஜனங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு சந்தேகங்கள். முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றி, அவர்கள் திகைப்பதைக் காசாக்குவது நகைச்சுவையா? அடுத்தது, டிவியில் ஐந்து நிமிடத் துண்டுகளாக வந்ததை ஒட்டுப்போட்டு நீட்டினால் சினிமா ஆகிவிடுமா? நீங்கள் இந்தப் படத்தைப் பற்றி ஒருமுறை நல்லவிதமாகச் சொன்ன ஞாபகம். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

ஞாபகம் சரிதான். நல்லவிதமாகத்தான் சொன்னேன், இப்போதும் சொல்வேன். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது அவிழ்ந்தால் முதல் முடிச்சும் கொஞ்சம் தளரும்.

மாறுவேடத்தில் நகர்வலம் போகும் ராஜா கதைகளைக் கேட்டிருப்பீர்கள். கடைசியில் ராஜா போர்வையை விலக்கி முகத்தைக் காட்டியாக வேண்டும். கேட்பவன் காத்திருப்பது அதற்குத்தான். ஒளித்துவைத்த கேமராவும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்காவில் ஆலன் ஃபண்ட் 1947இல் வானொலிக்காக மைக்கை ஒளித்துவைத்துத் தொடங்கினார். 1948இல் அது தொலைக்காட்சிக்குப் போனது, பிறகு ‘கேண்டிட் கேமரா’ என்று பெயரெடுத்தது. “சிரியுங்கள், நீங்கள் கேண்டிட் கேமராவில் இருக்கிறீர்கள்” என்பதுதான் அதன் புகழ்பெற்ற வரி. அதைக் கேட்டதும் ஏமாந்தவர் முழிப்பார், வெட்கப்படுவார், பிறகு சிரித்துவிடுவார். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் முன்னால் நடந்த அத்தனையும்.

இந்த வரி அந்த ஊர் மக்களிடம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1969 பிப்ரவரியில் ஃபண்ட் ஏறிய விமானம் நெவார்க்கிலிருந்து மயாமிக்குப் போகும் வழியில் கியூபாவுக்குக் கடத்தப்பட்டது. அவரை அடையாளம் கண்டுகொண்ட சில பயணிகள் இதுவும் அவருடைய வேலைதான் என்று நினைத்துவிட்டார்கள். கடத்தியவர்களின் கத்தியைப் பார்த்தும் பயமில்லை. விமானம் நிஜமாகவே ஹவானாவில் இறங்கியது. பாவம், அது தன் வேலை இல்லை என்று அவர் சொன்னாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். 86 வயது இர்விங் ஸிஸ்மனின் மனைவி இறந்துவிடுகிறாள். மகள் சிறைக்குப் போகிறாள். எட்டு வயதுப் பேரன் பில்லியை நெப்ராஸ்காவிலிருந்து வட கரோலினாவுக்குக் கூட்டிப்போய்த் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும். கதை இவ்வளவுதான். ஆனால் வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஜானி நாக்ஸ்வில் தாத்தா வேஷத்தைக் கலைத்து “சும்மா விளையாட்டுக்கு” என்று கைகுலுக்கினால் இந்தப் பயணம் என்னவாகும்? தாத்தாவும் இல்லை, பேரனும் இல்லை. டிவித் துண்டுக்கு உயிரான அந்த நொடி படத்துக்கு விஷம். அதனால் இயக்குநர் ஜெஃப் ட்ரெமைன் வேஷம் கலையும் இடங்களைச் சேர்த்துக் கட்டி, படம் முடிந்து பெயர்கள் ஓடும் பகுதிக்குத் தள்ளிவிட்டார். உங்கள் அப்பா அதற்குள் எழுந்து போய்விட்டார் இல்லையா?

ஒட்டுப்போடுவது பற்றிக் கேட்டீர்கள். 2000இல் எம்டிவியில் வந்த ‘ஜாக்கஸ்’ தொடரிலிருந்து இதற்கு முன் எடுத்த மூன்று படங்களும் நீங்கள் சொல்கிற ஒட்டுதான், நான் வழக்காட மாட்டேன். 2013இல் வந்த இந்தப் படம் வேறு சாதி. முடிவுக்குப் பக்கத்தில் வரும் மதுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தா பையனைத் தகப்பனிடம் விடுகிறார். தகப்பனுக்குப் பையன் வேண்டாம், அவனால் மாதாமாதம் வரும் அரசாங்கப் பணம்தான் வேண்டும். தகப்பனாக வருபவர் நடிகர். சுற்றி உட்கார்ந்திருக்கும் முரட்டு பைக்காரர்கள் நடிகர்கள் இல்லை. வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்குத் துணை நிற்கும் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி சில்ட்ரன்’ என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். தகப்பன் பையனை நடத்தும் விதத்தைப் பார்க்கப் பார்க்க அவர்கள் முகம் இறுகுகிறது. தாத்தா மனம் மாறித் திரும்பி வரும்போது அவர்களே எழுந்து தகப்பனை மறித்து நிற்கிறார்கள். பேரன் தாத்தாவிடம் போய்ச்சேர வேண்டும் என்பது திரைக்கதை. அவனைச் சேர்த்துவைத்தவர்களுக்கு அப்படி ஒரு திரைக்கதை இருப்பதே தெரியாது. எந்த நடிகருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் அந்த முகம் கிடைக்காது.

வேஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான சினிமாவில் ஒப்பனை லென்ஸை ஏமாற்றினால் போதும். இங்கே பட்டப்பகலில், ஒரு முழ தூரத்தில் நின்று பேசுகிறவனின் கண்ணை ஏமாற்ற வேண்டும். ஸ்டீபன் ப்ரூட்டியின் ஒப்பனை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஜாக்கஸ் என்ற பெயரும் ஆஸ்கரும் ஒரே வாக்கியத்தில் வந்ததைப் பார்த்து நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கஜகஸ்தான் பத்திரிகையாளன் வேஷத்தில் ஒருவன் அமெரிக்காவில் நிஜ மனிதர்களை ஏமாற்றும் ‘போராட்’ படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதுவும் ‘டா அலி ஜி ஷோ’ என்ற தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்ததுதான், 2006இல் வந்தது. தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கியது. தாங்கள் எதில் நடிக்கிறோம் என்றே தெரியாதவர்கள் பேசிய பேச்சு நிறைந்த படத்துக்குத் திரைக்கதைப் பரிந்துரை! அந்தப் படத்தில் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து தன் அழுக்கைக் கொட்டுவதற்காகத்தான் நாயகன் அசடு வழிகிறான். சிரிப்பு எதிராளியின் மேல் விழுகிறது. ‘பேட் கிராண்ட்பா’வில் மானங்கெட்டு நிற்பது கிழவன்தான். சுற்றியிருப்பவர்கள் திட்டுகிறார்கள், கை கொடுத்துத் தூக்குகிறார்கள், பையனைப் பார்த்துப் பதறுகிறார்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்களாகவே படத்தில் பதிவாகிறார்கள்.

அதைவிட எனக்கு முக்கியம், கையெழுத்து எப்போது வாங்கப்படுகிறது என்பது. போராட்டில் பலர் படப்பிடிப்புக்கு முன்பே, ஏதோ ஆவணப்படம் என்று நம்பி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். படம் வந்த பிறகு சிலர் வழக்குப் போட்டார்கள். கஜகஸ்தான் கிராமமாகக் காட்டப்பட்ட ருமேனியாவின் கிளோட் ஊர்க்காரர்களும் போட்டார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் சில வழக்குகளில் படத்தயாரிப்பாளர்களைக் காப்பாற்றியது அந்தப் படிவம்தான். தாத்தா படத்தில் வேஷம் கலைந்த பிறகு, விஷயம் இன்னதென்று தெரிந்தவர்களிடம் போய்க் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனால் இங்கேதான் நான் உங்கள் பக்கமும் கொஞ்சம் நகர்கிறேன். பெயர்கள் ஓடும்போது எல்லோரும் வாய்விட்டுச் சிரிப்பதைக் காட்டுகிறார்களே, அவர்கள் ஒப்புக்கொண்டவர்கள். ‘என் முகத்தைப் போடாதே’ என்று கோபித்துக்கொண்டு போனவர் இருந்தால் அவர் அந்தச் சிரிப்பில் இருக்க மாட்டார். அதைப் பார்த்துவிட்டு ‘பார், யாருக்கும் வருத்தமில்லை’ என்று நிம்மதியாக எழுந்திருப்பது சரியில்லை. இறுதிச்சடங்குக் காட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவும் மாட்டேன். அங்கே வந்தவர்கள் யாரோ ஒரு கிழவனின் துக்கத்தைப் பங்குபோட்டுக்கொள்ள நின்றவர்கள். பிறகு சிரித்துக் கையெழுத்திட்டாலும், அந்தச் சில நிமிடம் அவர்கள் கொடுத்த இரக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மதுக்கூடத்தில் அதே இரக்கத்துக்குக் கதையில் ஒரு வேலை இருந்தது, அது பையனைக் காப்பாற்றியது. சவப்பெட்டி கவிழ்ந்ததில் அதற்கு என்ன வேலை?

அப்பாவை மறுபடி உட்காரவைக்க முடிந்தால் முழுப்படமும் வேண்டாம். அந்த பைக்காரர்கள் வரும் பகுதியையும் கடைசியில் பெயர்கள் ஓடும் பகுதியையும் மட்டும் போட்டுக் காட்டுங்கள். அதற்கும் எழுந்து போனாரென்றால் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்