பன்னிரண்டு வருஷம் ஆகட்டும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியில் ஒரே குடும்பம் 26 தலைமுறையாக ஒயின் செய்து வருகிறது என்று படித்தேன். நம்பலாமா? சொத்துப் பிரிவினையே வராதா?

நம்பலாம். ஃபுளோரன்ஸ் நகரத்து ஆந்தினோரி குடும்பம்தான் அது. ஜொவான்னி தி பியெரோ ஆந்தினோரி என்பவர் 1385இல் அந்த நகரத்து ஒயின்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார். அந்த வருஷத்திலிருந்துதான் தலைமுறையை எண்ணுகிறார்கள்.

பிரிவினை வராமல் எங்கே போகும்? 1980களில், அப்போது தொழிலை நடத்திய பியெரோ ஆந்தினோரியின் உடன்பிறந்தவர்கள் தங்கள் பங்கை விற்க முடிவெடுத்தார்கள். பிரிட்டிஷ் மதுபான நிறுவனம் ஒன்று கூட்டாளியாக உள்ளே வந்தது. வருஷக் கடைசியில் லாபம் எவ்வளவு என்று பார்க்கிறவர்களுக்கும், கொடி நட்டுவிட்டுப் பத்து வருஷம் காத்திருக்கிறவருக்கும் எப்படி ஒத்துப்போகும்? 1991இல் அந்தப் பங்கை அவர் திரும்ப வாங்கிவிட்டார். அவருக்கு மகன் இல்லை, மூன்று மகள்கள்: அல்பியெரா, அலெக்ரா, அலெஸ்ஸியா. இப்போது தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மூத்தவர் அல்பியெரா. எல்லோரும் 1385ஐப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு 1991தான் அதைவிடப் பெரிய வருஷம். சேர்ந்தது பெரிதில்லை, கைவிட்டுப் போனதை மீட்டார் பாருங்கள், அதுதான் பெரிது.

கேள்வி: அப்பா செய்ததை அப்படியே பிள்ளைகளும் செய்கிறார்களா? சண்டையே கிடையாதா?

சண்டை இல்லாத ஒயின் வீட்டை நான் பார்த்ததில்லை. பியெமோந்தே மாகாணத்தில் ஆல்பா ஊருக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் நான்கு வருஷம் இருந்தேன். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டக்காரர்கள். சாப்பாடு முடிகிற நேரம் ஏதாவது ஒரு மேஜையில் அப்பாவும் மகனும் குரலை உயர்த்துவார்கள். பெரும்பாலும் பீப்பாயைப் பற்றித்தான் இருக்கும்.

அதே பியெமோந்தேவில், பார்பரெஸ்கோ ஊரில் காயா குடும்பம் 1859 முதல் ஒயின் செய்கிறது. அந்த மண்ணின் திராட்சை நெபியோலோ. 1978இல் ஆஞ்செலோ காயா, வீட்டுக்குப் பக்கத்திலேயே, நல்ல சரிவில் இருந்த நெபியோலோவை எடுத்துவிட்டு பிரான்ஸ் நாட்டு கபர்னே சோவிஞ்ஞோன் கொடியை நட்டார். அவர் அப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் "தர்மாஜி" என்று முணுமுணுப்பாராம். பியெமோந்தே பேச்சுவழக்கில் 'அடடா, வீணாப்போச்சே' என்று அர்த்தம். மகன் அந்த ஒயினுக்கே தர்மாஜி என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் பாட்டிலின் மேல் அப்பாவின் அங்கலாய்ப்புதான் அச்சாகி வருகிறது.

இது சிரிப்பில் முடிந்த கதை. லா மோரா ஊரில் நடந்தது அப்படியில்லை. 1983இல் ஏலியோ ஆல்தாரே மின்ரம்பத்தை எடுத்துக்கொண்டு நிலவறையில் இறங்கி, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துப்போட்டார். பிரான்ஸில் பார்த்த சின்ன ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று பிடிவாதம். அப்பா அவரைச் சொத்திலிருந்து ஒதுக்கிவிட்டார். பிறகு உடன்பிறந்தவர்களிடம் விலை கொடுத்துத்தான் குடும்பத் தோட்டத்தை வாங்கினார். இப்போது அவருடைய மகள் சில்வியா பார்த்துக்கொள்கிறார்.

பக்கத்திலேயே, பரோலோ ஊரில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்றொரு பெரியவர் இருந்தார். சின்னப் பீப்பாயை வாசலிலேயே சேர்க்கவில்லை. பாட்டிலில் ஒட்டும் தாளில் தன் கையால் படம் வரைந்து, சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று எழுதியவர் அவர். அவர் மகள் மரியா தெரேசா இன்றும் அப்பா வழியில்தான் செய்கிறார். என் மனம் இந்தப் பக்கம்தான். நெபியோலோவில் செய்கிற பரோலோ ஒயினைக் குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்பது சட்டம். அத்தனை நாள் காத்திருந்து கடைசியில் சின்னப் பீப்பாயின் மர வாசனைதான் தூக்கலாக இருக்கும் என்றால், நெபியோலோ எதற்கு?

கேள்வி: ஃபுளோரன்ஸில் பழைய மாளிகைச் சுவர்களில் கைக்கெட்டும் உயரத்தில் குட்டிக் கதவுகள் பார்த்தேன். சாமி மாடமா?

இல்லை. ஒயின் ஜன்னல். 1559க்குப் பிறகு, தோட்டம் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் தங்கள் ஒயினை வீட்டிலிருந்தே நேராக விற்க அனுமதி கிடைத்தது. வாங்குகிறவர் தட்டுவார், குடுவையை நீட்டுவார், நிரப்பித் தருவார்கள். 1630இல் கொள்ளைநோய் வந்தபோது, ஆளை ஆள் தொடாமல் விற்க இதுவே வசதியாகிவிட்டது. காசை உலோகத் தட்டில் வாங்கி வினிகரில் போட்டார்களாம். நகரத்தில் இப்படி 150க்கு மேல் இருக்கின்றன. 2020 தொற்றுக் காலத்தில் சிலர் மறுபடி திறந்து விற்றார்கள்.

கேள்வி: எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் வேண்டாம். அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அந்த ஊர் ஒயின், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஒரு சாப்பாட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அறுவடை முடிந்து குளிர் இறங்கும்போது பியெமோந்தேவில் பாஞ்ஞா காவ்தா செய்வார்கள். பெயருக்குச் சூடான சாறு என்று பொருள். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு, உப்பில் ஊறிய நெத்திலி, ஆலிவ் எண்ணெய். பியெமோந்தேவில் கடல் இல்லை. நெத்திலி லிகூரியா கடற்கரையிலிருந்து மலையேறி வந்தது. பியெமோந்தேவின் மைரா பள்ளத்தாக்குக்காரர்கள் குளிர்காலத்தில் வண்டியில் வைத்து ஊர் ஊராக விற்றிருக்கிறார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கடை முதலாளியின் அம்மா. பூண்டைப் பல் பல்லாக இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் பச்சை முளையைக் கத்தி நுனியால் எடுத்துப்போடச் சொல்வார். ஒன்று தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார். பிறகு பூண்டைப் பாலில் வேகவைப்பார். அப்புறம் எண்ணெயில், கொதிக்கவே விடாமல், நெத்திலி கரைந்து காணாமல் போகும்வரை மரக்கரண்டியால் கிண்டுவார். சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வரும். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆளுக்கொரு மண் கிண்ணம், அடியில் சின்ன விளக்கு. பச்சைக் குடைமிளகாய், முட்டைக்கோஸ், கார்தோ என்கிற காய்கறியின் வளைந்த தண்டு எல்லாவற்றையும் அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கடைசியில் கிண்ணத்தில் ஒட்டியிருப்பதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், அதற்குத்தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றும்.

கூடவே பார்பெரா ஒயின். அதன் புளிப்புதான் அத்தனை எண்ணெயையும் அறுக்கும். விலை உயர்ந்த பரோலோவைத் திறந்தால் அந்தம்மா திட்டுவார். பூண்டுக்கு முன்னால் பரோலோ பாவம் என்பார்.

மாந்தோவா பக்கம் வேறு மாதிரி. இறைச்சி அடைத்த மாவுப் பொட்டலங்கள் மிதக்கும் சுடு சூப்பில் லம்ப்ரூஸ்கோ ஒயினை நேராக ஊற்றிவிடுவார்கள். குளிர்காலத்தில் கணப்புப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டே குடிப்பது பழைய பழக்கம். ஊதா நிறத்தில் சூப்பைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

கேள்வி: நான் மது தொடுவதில்லை. இந்தக் குடும்பங்களிடம் எனக்கென்று ஏதாவது உண்டா?

உண்டு. மோதெனாவுக்குப் போங்கள். அங்கே திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, புளிக்கவைத்து, பல்சாமிக் வினிகர் செய்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது அல்ல, பாரம்பரிய முறையில் செய்வது. ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று விதவிதமான மரத்தில், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகப் பீப்பாய்கள். நிலவறையில் இல்லை, கோடை வெயிலும் குளிரும் படட்டும் என்று பரணில் வைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சிறிய பீப்பாயில் கொஞ்சம் எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்பிக்கொண்டே வருவார்கள். குறைந்தது 12 வருஷம். மிகப் பழையது என்று முத்திரை வேண்டுமானால் 25.

பெண் பிறந்தால் அவள் பெயரில் ஒரு வரிசைப் பீப்பாய் தொடங்கி, பிறகு சீதனமாகக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நான் போன வீட்டில் பரண் முழுக்கப் பெண்களின் பெயர்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு அப்போது வயது பதினொன்று. அவள் பெயர் எழுதிய பீப்பாயிலிருந்து எனக்கு ஒரு சொட்டும் தரவில்லை, பன்னிரண்டு ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வரிசையில் இருந்த அவள் பாட்டியின் பீப்பாயிலிருந்துதான் ஒரு சின்னக் கரண்டி கொடுத்தார்கள்.