எல்லா மாதமும் 15.8 சதவீதமா?

கேள்வி: ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்கு, எவ்வளவு எரிபொருளும் மின்சாரமும் செலவாகும் என்று கணக்கிடும் மென்பொருளான எனர்ஜிபிளஸில் மாடல் செய்கிறேன். ரேடியேட்டரில் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் அமைப்பு. 80 சதவீதத் திறனுள்ள பாய்லரை எடுத்துவிட்டு, புகையின் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் 95 சதவீத கண்டென்சிங் பாய்லர் போட்டதும் எரிவாயு 15.8 சதவீதம் குறைகிறது. எங்கள் மூத்த பொறியாளர் “அவ்வளவு வராது” என்கிறார். காரணம் கேட்டால் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் சொல்வதுதான். 80-ஐ 95-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.842 வரும். மிச்சம் 15.8. நீங்கள் கொடுத்த எண்ணையே மாடல் வகுத்துத் திருப்பித் தந்திருக்கிறது, வேறொன்றும் செய்யவில்லை. மாதவாரி அறிக்கையைத் திறந்தால் கடுங்குளிர் மாதத்திலும் குளிர் விடுகிற மாதத்திலும் அதே 15.8 இருக்கும். பந்தயமே கட்டுவேன்.

அந்த 95 எங்கிருந்து வருகிறது? புகையிலுள்ள நீராவி தண்ணீராகும்போது விடும் வெப்பத்திலிருந்து. இயற்கை எரிவாயு என்றால், புகை சுமார் 55 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் இது நடக்கும். புகையைக் குளிர்விப்பதோ, அறைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர். மென்பொருளில் தயாராக இருக்கும் டெம்ப்ளேட்டை வைத்து நீங்கள் லூப் (பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீர் சுற்றும் பாதை) போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தானாக உட்காரும் எண்கள்: போகும் தண்ணீர் 82 டிகிரி, வித்தியாசம் 11. அப்படியானால் திரும்புவது 71. சூடான மூக்குக்கண்ணாடியில் ஆவி படியுமா? அதே கதைதான். 71-இல் அந்த விலையுயர்ந்த பாய்லர் சாதாரண நல்ல பாய்லர், அவ்வளவே.

மாடலுக்கு ஏன் இது உறைக்கவில்லை? மாடலில் பாய்லரை விவரிக்கும் பகுதியில் எஃபிஷியன்சி கர்வ் (திறன் எப்படி மாறும் என்று சொல்லும் சமன்பாடு) இடத்தைக் காலியாக விட்டால் எந்த வெப்பநிலையிலும் திறன் மாறாது. தயாரிப்பாளர் தரும் தரவிலிருந்து, சுமை விகிதமும் நீர் வெப்பநிலையும் சேர்ந்த கர்வ் ஒன்றைக் கொடுங்கள். அப்புறம், எந்த வெப்பநிலையை வைத்துப் பார்ப்பது என்று அருகிலேயே ஒரு புலம் உண்டு: என்டரிங்பாய்லர் (பாய்லருக்குள் வரும் தண்ணீர்), லீவிங்பாய்லர் (வெளியே போகும் தண்ணீர்). கண்டென்சிங் என்றால் என்டரிங்தான். இது தெரியாமல் அரை நாள் நான் கர்வைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, போகும் தண்ணீரை 55-க்கு இறக்கிவிடலாமே என்று அடுத்து தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு வேலையில் இறக்கினேன், எரிவாயு அழகாகக் குறைந்தது, அறையும் சூடாகவே இருந்தது. அறிக்கையைப் படித்த கட்டட உரிமையாளர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ரேடியேட்டரை எல்லாம் மாற்றச் சொல்கிறீர்களா?” அப்போதுதான் பார்த்தேன். ரேடியேட்டரை ஆட்டோசைஸில், அதாவது மென்பொருளே அளவைத் தீர்மானிக்கும்படி, விட்டிருந்தேன். தண்ணீர் ஆறியதும் மென்பொருள் சத்தமில்லாமல் பெரிய ரேடியேட்டர்களை மாட்டிவிட்டது!

உண்மையில் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, 20 டிகிரி அறையில் 75 போய் 65 திரும்பினால் சராசரி 70, அறையோடு வித்தியாசம் 50. 55 போய் 45 திரும்பினால் வித்தியாசம் 30. வெப்பம் 60 சதவீதமாகக் குறையும் என்று எண்ணுவீர்கள். ஆனால் ரேடியேட்டர் தரும் வெப்பம் அந்த வித்தியாசத்தின் சுமார் 1.3 அடுக்கைப் (power) பொறுத்தது. கிடைப்பது 51 சதவீதம்தான், ஏறக்குறைய பாதி. அதனால் கட்டடத்தில் இப்போது இருக்கிற ரேடியேட்டர் அளவை மாடலில் நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு வெளி வெப்பநிலையைப் பார்த்துத் தண்ணீரின் சூட்டை மாற்றும் அவுட்டோர் ரீசெட் செட்பாயிண்ட் மேனேஜர் போடுங்கள்: வெளியே கடுங்குளிர் என்றால் தண்ணீர் சூடாக, மிதமான நாளில் ஆறலாக. கண்டென்சிங் பாய்லர் சம்பாதிப்பது அந்த மிதமான நாட்களில்தான். மாடலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் அன்மெட் ஹவர்ஸ் (அறை வேண்டிய சூட்டை எட்டாத மணி நேரங்கள்) பாருங்கள். அது ஏறினால் அறை குளிர்ந்திருக்கிறது, அந்த மிச்சம் மிச்சமல்ல.

இதெல்லாம் செய்தபின் மாதத்துக்கு மாதம் வேறு வேறு சதவீதம் வரும். பெரும்பாலும் 15.8-ஐவிடக் குறைவாகவே இருக்கும். அதை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கோடையில் சூடாக்கும் தேவையே இல்லை. ஆனாலும் என் மாடலில் சுடுநீர் பம்ப்புக்கு மின்சாரம் ஓடுகிறதே?

பதில்: நிலைவேகப் பம்ப் (எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவது) போட்டு, கன்ட்ரோல் வகையை கண்டினியூயஸ் (இடைவிடாமல்) என்று விட்டிருப்பீர்கள். இன்டர்மிட்டென்ட் (விட்டுவிட்டு) ஆக்கினால் சுமை இல்லாதபோது நிற்கும். ஆனால் மாற்றும் முன் கட்டடத்தைப் பராமரிப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். பல இடங்களில் பம்ப்பை யாரும் நிறுத்துவதே இல்லை. அங்கே உங்கள் மாடல்தான் சரி, மாற வேண்டியது அந்த சுவிட்ச்.