ஜப்பானிலிருந்து வந்த பழைய ரோலண்ட் ஜூனோ-106: வாங்கலாமா?

கேள்வி: ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கட்டைக் கருவி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "1984ஆம் ஆண்டுக் கருவி, ஒரு பழுதும் கிடையாது, இன்றைய கணினியோடும் இணையும்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: கணினியோடு இணையும் என்பது உண்மைதான். ஏஸ் டோன் என்ற பெயரில் மின்னணு இசைக்கருவிகளைச் செய்துவந்த இக்குதாரோ காக்கெஹாஷி, 1972இல் ஒசாகாவில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு இணையாமல் இசைக்கலைஞர்கள் திண்டாடிய காலம் அது. அந்தக் குறையைத் தீர்க்க அவரும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய 'மிடி' என்னும் பொது முறை 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. மிடி வந்த மறு ஆண்டே வெளிவந்ததால் ஜூனோ-106இல் மிடி உண்டு; கணினியோடு இணைவது அதன் வழியாகத்தான். 1982இல் வந்த ஜூனோ-60இல் கிடையாது.

'ஒரு பழுதும் கிடையாது' என்பதை மட்டும் சோதிக்காமல் ஏற்காதீர்கள். இக்கருவியில் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் 80017ஏ என்ற சில்லு தனித்தனியே உள்ளது. அதன்மேல் பூசப்பட்ட கரிய பிசினே நாளடைவில் மின்கசிவுக்கு இடம் கொடுத்துச் சில்லைக் கெடுத்துவிடுகிறது. 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்தியபடியே கருவியை இயக்கினால் சோதனை நிலை வரும். பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்த, எந்தச் சில்லு ஒலிக்கிறது என்பதைத் திரையில் எண்ணாகக் காணலாம். ஏதேனும் ஓர் எண்ணில் ஒலி வராவிட்டாலோ, கரகரத்தாலோ, கையை எடுத்த பின்னும் நீடித்தாலோ பெரும்பாலும் அந்தச் சில்லு போய்விட்டது என்று பொருள். கருவி சூடேறிய பிறகே சில கோளாறுகள் வெளிப்படும் என்பதால் அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சோதியுங்கள்.

நல்ல வேளையாக இந்தச் சில்லுக்கு மாற்று இன்று புதிதாகவே தயாராகிறது. எல்லாப் பழைய கருவிக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. இதே நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 தாளக் கருவி, குறையுள்ளவை என்று கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களின் இரைச்சலைக் கொண்டே தன் தனித்த ஒலியைப் பெற்றது. தயாரிப்பு நுட்பம் தேறி அவை கிடைக்காமல் போனதும், ஏறத்தாழ 12,000 கருவிகளோடு 1983இல் உற்பத்தி நின்றது.

ஜப்பானிய உள்நாட்டுக் கருவி 100 வோல்ட்டில் இயங்குவது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மின்பகுதி எரிந்துவிடும். ஆகவே மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் கணக்கில் சேருங்கள். சேமித்த ஒலிகளைக் காக்கும் உள் பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

ஆறு எண்களும் தெளிவாக ஒலித்தால் தயங்காமல் வாங்கலாம். ஒன்று கெட்டிருந்தாலும், ஒரே வயதுடைய மற்ற ஐந்தும் பின்தொடரக்கூடும் என்பதால், ஆறையும் மாற்றும் செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.