சத்து மாத்திரை, போர் தண்ணீர், ரேஷன் அரிசி: எல்லைப்புற வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாடு, கேரள எல்லையை ஒட்டிய பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. நோய்க்கு வைத்தியம் சொல்வது மருத்துவர் வேலை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், அளவு எங்கே தப்புகிறது, தப்பினால் உடம்பில் என்ன ஆகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலிக்கு டாக்டர் வைட்டமின் டி 60,000 எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று என்பதை மறந்து 12 நாள் தினமும் சாப்பிட்டுவிட்டார். கூடவே கால்சியம் மாத்திரையும். இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை, தண்ணீர் தாகம் அடங்கவில்லை என்கிறார். சத்து மாத்திரைதானே, ஒன்றும் ஆகாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். (கொழிஞ்சாம்பாறை வாசகி)

பதில்: அம்மா, இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாகமும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். டி மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி அளவைக் காட்டும் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் வழக்கமாக டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்ஸினோ சாப்பிடுகிறவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்துகளோடு கால்சியம் ஏறுவது கூடுதல் ஆபத்து.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தினமும் தாங்கக்கூடிய உச்சம் 4,000 யூனிட். 60,000 என்பது நூறு நாள் தேவையை ஒரே மாத்திரையில் அடைத்தது. அதனால்தான் வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று என்று எழுதுவார்கள். வைட்டமின் சி கூடினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை. கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வேலை செய்யும். குடலிலிருந்து கால்சியத்தை அளவுக்கு மேல் இழுக்கும், எலும்பிலிருந்தும் கரைத்து எடுக்கும். அது சிறுநீரகத்தில் படிந்து கல்லாகலாம், சிறுநீரகமே கெடலாம். வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். இன்றைய பரிசோதனை சரியாக இருந்தாலும், சில வாரம் கழித்துக் கால்சியத்தை மறுபடி பார்ப்பது அவசியம்.

வாங்கும்போது இன்னொரு குழப்பம்: சில அட்டையில் யூனிட் போடாமல் மைக்ரோகிராம் போட்டிருப்பார்கள். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். 25 மைக்ரோகிராம் என்றால் 1,000 யூனிட், 1,500 மைக்ரோகிராம் என்றால் 60,000. எண் சிறியது என்று தினமும் போட்டுவிடக் கூடாது. கடைக்காரரிடம் அட்டையின் ஒவ்வொரு குழிக்கும் மேலே தேதியைப் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு மாத்திரை அட்டை ஒரு மாதத்துக்கு.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் குடிக்க. எட்டு வயதுப் பையனுக்குப் புதிதாக முளைத்த பல்லில் பழுப்புக் கோடு. கால்சியம் பற்றாக்குறை என்று ஒருவர் டானிக் கொடுத்தார். தண்ணீர்தான் காரணம் என்கிறார் இன்னொருவர். எந்த பியூரிஃபையர் வாங்கலாம்? (வண்ணாமடை வாசகர்)

பதில்: தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், குறிப்பாகச் சித்தூர் தாலுகாவில், போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். பாறைக்குள் நெடுநாள் தங்கிய நீர், பாறையிலுள்ள ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. ஃபுளோரைடு சிறிதளவு பல்லுக்குக் காவல், கூடினால் பல்லுக்கும் எலும்புக்கும் கேடு. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் இதற்கு மேல் குடித்தால், சுண்ணாம்பு வெள்ளைத் திட்டில் தொடங்கிப் பழுப்புக் கோடு வரை வரும். வந்த கறை டானிக்கால் போகாது. மேற்பூச்சு செய்து மறைக்கப் பல் மருத்துவரால் முடியும். அளவு 3 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டு குடித்தால் இடுப்பும் கழுத்தும் விறைத்துப்போகும் எலும்பு நோய் வரலாம். அதுதான் பெரிய கவலை.

பியூரிஃபையருக்கு முன் பரிசோதனை. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நன்றாகக் கழுவிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பிடியுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். கேரள நீர் ஆணைய ஆய்வகத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது. ‘ஃபுளோரைடு பார்க்க வேண்டும்’ என்று தனியாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் விற்பனையாளர் கையிலுள்ள டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைக் காட்டாது.

யூவி விளக்கு கிருமியைக் கொல்லும், யூஎஃப் சவ்வு கிருமியையும் கலங்கலையும் தடுக்கும், கார்பன் வாடையை எடுக்கும். மூன்றுமே ஃபுளோரைடைத் தொடாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாகும். வீட்டு அளவில் குறைப்பது ஆர்ஓ. ஆனால் அதை மாட்டும்போதே ஒரு தவறு நடக்கிறது. சுவைக்காக ‘டிடிஎஸ் கன்ட்ரோலர்’ என்ற திருகைத் திறந்து, ஆர்ஓ வழியாகப் போகாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். வெளியே தள்ளிய ஃபுளோரைடு அந்த வழியில் திரும்ப வந்துவிடும். அதை முழுவதும் மூடச் சொல்லுங்கள். ‘மினரல்’ கார்ட்ரிட்ஜுக்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டாம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாட்டிய பிறகு வெளிவரும் நீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சவ்வு தேயத் தேய ஃபுளோரைடு நழுவும் என்பதால் வருடம் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும்.

ஆர்ஓ கழிவு நீரில் ஃபுளோரைடு அடர்ந்திருக்கும். பாத்திரம், தரை கழுவலாம். மாட்டுக்கு வைக்காதீர்கள், மாட்டின் பல்லும் எலும்பும் கூடக் கெடும். சமையலுக்கும் ஆர்ஓ நீரே வேண்டும், குளிக்கத் துவைக்கப் போர் நீர் போதும். சுத்தமான கூரையில் பிடித்து வடிகட்டிக் காய்ச்சிய மழைநீரில் ஃபுளோரைடு இராது என்றே சொல்லலாம். செலவும் குறைவு, எங்கள் முதல் சிபாரிசு அதுதான். பையனுக்குப் பால், ராகி கூட்டுங்கள், கடுந்தேநீர் தராதீர்கள். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

கேள்வி: ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக்கா? (மீனாட்சிபுரம் வாசகி)

பதில்: இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்து செய்த செறிவூட்டிய மணிகள் அவை. நூறுக்கு ஒன்று என்று கலந்தவை. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், மிதக்கும். பொறுக்கி எறியாதீர்கள், நாலைந்து தண்ணீரில் களையாதீர்கள், வடித்த கஞ்சியையும் குடியுங்கள். நெருப்பில் காட்டினால் பிளாஸ்டிக் உருகும், இது கருகும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. கடையில் விலை கூடின இரும்பு மாத்திரை நல்லது என்கிறார்கள். (அகளி வாசகி)

பதில்: விலையைப் பார்க்காதீர்கள், அட்டையில் ‘எலிமென்டல் அயர்ன்’ எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். உடம்புக்குக் கிடைக்கும் இரும்பு அந்த எண்தான். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. பெரிய எழுத்தில் 300 என்று போட்டிருந்தாலும் உள்ளே 35 இருக்கலாம். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டியது. அது மட்டமான மாத்திரை அல்ல.

புரட்டலுக்கு வழி: இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கூடாது. மலம் கருப்பாகப் போவது இயல்பு. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரையை இரட்டிப்பாக்காமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். அட்டப்பாடியில் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு, தலசீமியா சுமக்கிறவர்களும் எங்கும் உண்டு, இரண்டும் பரம்பரை ரத்த நோய். அவர்களுக்கு ரத்தம் குறைவது எப்போதும் இரும்புக் குறைவால் அல்ல. தேவையில்லாத இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் சேரும். இவர்கள் செறிவூட்டிய அரிசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை அவசியம் கவனியுங்கள். சிவப்பு மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். பத்து கிலோ எடையுள்ள குழந்தை பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, மூன்று நான்கு விழுங்கினாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று திரும்பி வராதீர்கள். இரும்பு நஞ்சில் சில மணி நேரம் தெளிவது போலத் தெரிந்து, பிறகுதான் கல்லீரல் கெடும். பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: முடி உதிர்வுக்கு பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். தைராய்டு பரிசோதனை முன்னுக்குப் பின் முரணாக வருகிறது. (பொள்ளாச்சி வாசகி)

பதில்: பயோட்டின் காரணமாக இருக்கலாம். நாள் தேவை 40 மைக்ரோகிராம்தான், நீங்கள் சாப்பிடுவது அதைப் போல 250 மடங்கு. தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் அது பொய்யாகக் காட்ட வைக்கும். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின். பாதம் எரிகிறது. கடையில் கேட்டு நரம்பு மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிட்டும் எரிச்சல் கூடுகிறது. (கோவிந்தாபுரம் வாசகர்)

பதில்: அட்டையின் பின்பக்கத்தில் ‘பைரிடாக்சின்’ என்ற வரியைத் தேடுங்கள் ஐயா. அது பி6. நாள் தேவை 2 மில்லிகிராம் அளவுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் உச்ச வரம்பை 12 மில்லிகிராம் என்று வைத்தது, அமெரிக்க வரம்பு 100. சில நரம்பு மாத்திரையில் 50, 100 என்று இருக்கும். பல மாதம் கூடுதலாகப் போனால் பி6 தானே நரம்பைக் கெடுத்து எரிச்சலும் மரமரப்பும் தரும். நிறுத்தினால் பெரும்பாலும் மெல்லக் குறையும்.

மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும், நெஞ்செரிச்சலுக்கான பாண்டோபிரசோலும் அப்படித்தான். பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. பி12 உள்ள மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தக் கூடாது. பி12 மட்டும் உள்ள மாத்திரை கிடைக்கிறது. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீடு முதலமடையில். பொள்ளாச்சிக் கடையில் வாங்கிய சத்து மாவு டப்பாவில் காலாவதித் தேதி மேல் வேறு ஸ்டிக்கர். எந்த மாநிலத்தில் புகார் செய்வது?

பதில்: இரண்டு வழி. பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். கடை மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் கடை இருக்கும் இடத்துக்கு, அதாவது தமிழ்நாட்டு அதிகாரியிடம். டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருந்தால் அது உணவு, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் மருந்து ஆய்வாளரிடம். ஸ்டிக்கரை உரிக்காமல் அப்படியே படம் எடுத்து வையுங்கள். மாற்றித் தருகிறோம் என்று கடையில் கேட்டாலும், புகார் எண் கிடைக்கும் வரை டப்பாவையும் அசல் பில்லையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.